கணினி கேள்வி பதில்: கறுப்புத் திரையில் நிற்பவர்களுக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதிதான். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து ஆளாளுக்குப் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11-ஐயோ லினக்ஸையோ ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஏற்றியவர்களில் நிறையப் பேர் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "பூட் ஆகல சார், என்ன செய்யலாம்?" என்று மட்டும் எழுதினால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். திரையில் என்ன வந்ததோ அதைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் பேசுவது மதர்போர்டா, பூட் லோடரா (ஆன் செய்ததும் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்பிவிடும் குட்டி நிரல்), விண்டோஸா என்று கண்டுபிடிக்க முடியும். ஃபார்மட் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கீழே உள்ள எந்தக் கேள்விக்கும் அது தேவைப்படவில்லை.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி பார்த்துத் தட்டுங்கள்.

கேள்வி: அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போது நான் வைத்திருக்கிறேன். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. யாரும் அதைத் தொட்டதே இல்லை, இடம் வீணாகிறதே என்று டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை டெலிட் செய்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் "எரர்: நோ சச் பார்ட்டிஷன்" என்று வந்து, அதன் கீழே "க்ரப் ரெஸ்க்யூ" என்று கர்சர் மின்னிக்கொண்டு நிற்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். ஃபார்மட்தான் வழி, உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது என்கிறார்கள். எங்கள் அம்மாச்சி போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது சார்.
கல்லூரி மாணவி, திருமங்கலம்

பதில்: அம்மாச்சி போட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லைம்மா. நீங்கள் அழித்தது ஹார்ட் டிஸ்கில் லினக்ஸுக்கென்று பிரித்து வைத்திருந்த இடத்தை (பார்ட்டிஷன்) மட்டும். விண்டோஸும் உங்கள் கோப்புகளும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன, அவற்றைக் கூப்பிடத்தான் ஆளில்லை.

நடந்தது இதுதான். 2011-ல் தொடங்கிய அந்த அரசு லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டாரில்தான் பூட் லோடரின் தொடக்கம் இருக்கும். அந்த செக்டார் மொத்தமே 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாளத்துக்கு, மிச்சம் 446 பைட்தான் நிரலுக்கு. அவ்வளவு சின்ன இடத்தில் மெனு போட்டு, விண்டோஸா லினக்ஸா என்று கேட்டு, எண்ணிக்கை ஓட்டுவதெல்லாம் நடக்காது. அதனால் லினக்ஸின் பூட் லோடரான க்ரப், தன் தலையை மட்டும் அங்கே வைத்துவிட்டு உடம்பை லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் "பூட்" ஃபோல்டரில் வைத்திருக்கும். நீங்கள் அந்த உடம்பை அழித்துவிட்டீர்கள். தலை இன்னமும் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது, பெரியார் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி. பஸ் இல்லாமல் இல்லை, மாட்டுத்தாவணியில் நிற்கிறது.

சரி, வேலையைப் பார்ப்போம். கைவைக்கும் முன் போட்டோக்களை வெளியே எடுத்துவிடுங்கள். தோழியின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு பென்டிரைவ் ஒன்று தயார் செய்து (பழைய லேப்டாப்பில் ரேம் குறைவு, கனமான உபுண்டு திணறும்), அதிலிருந்து லேப்டாப்பை இயக்கி, நிறுவாமல் சும்மா பார்க்கிற வழியில் உள்ளே போனால் விண்டோஸ் டிரைவ் சாதாரண ஃபோல்டர் போலத் திறக்கும். இன்னொரு பென்டிரைவுக்கோ வெளி ஹார்ட் டிஸ்குக்கோ காப்பி செய்துகொள்ளுங்கள். எழுத விடவில்லை, படிக்க மட்டும் விடுகிறது என்றாலும் கவலை வேண்டாம், காப்பிக்கு அது போதும்.

அப்புறம் விண்டோஸ் நிறுவும் பென்டிரைவைச் சொருகி இயக்குங்கள். மொழி கேட்கும் திரைக்கு அடுத்து "இன்ஸ்டால் நவ்" என்று நடுவில் பெரிதாக நிற்கும், அதைத் தொடவே கூடாது. இடது கீழ் மூலையில் கண்ணுக்கே தெரியாத மாதிரி "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" என்று இருக்கும், அதுதான் நமக்கு வேண்டியது. உள்ளே போய் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்" என்று தட்டி என்டர் செய்யுங்கள். அந்த 446 பைட்டில் இருந்த க்ரப்பின் தலை போய் விண்டோஸின் நிரல் வந்து உட்காரும், பார்ட்டிஷன் அட்டவணையை அது தொடாது. பென்டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் விண்டோஸ் வந்துவிடும்.

"மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்" என்று வந்தால் பயப்படாதீர்கள், அது முன்னேற்றம்தான். எந்தப் பார்ட்டிஷனிலிருந்து தொடங்க வேண்டும் என்கிற "ஆக்டிவ்" குறி விண்டோஸ் மேல் இல்லை என்று அர்த்தம். அதே கமாண்ட் பிராம்ப்டில் "டிஸ்க்பார்ட்" போய், "செலக்ட் டிஸ்க் 0", "லிஸ்ட் பார்ட்டிஷன்" என்று தட்டிப் பாருங்கள். 100 எம்பி அல்லது 350 எம்பி அளவில் ஒரு குட்டிப் பார்ட்டிஷன் இருந்தால் அதை செலக்ட் செய்து "ஆக்டிவ்" என்று தட்டுங்கள், அப்படி ஒன்று இல்லையென்றால் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனைச் செய்யுங்கள். தவறான ஒன்றுக்குக் குறி போட்டால்கூட "பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்" என்று சொல்லிவிட்டு நிற்குமே தவிர எதுவும் அழியாது, திரும்ப வந்து மாற்றிக்கொள்ளலாம்.

உங்களுடையது பிந்தைய மாடலாக, யூஇஎஃப்ஐ முறையில் (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த புது பூட் முறை) ஓடுவதாக இருந்தால் இவ்வளவும் வேண்டியதில்லை. ஆன் செய்ததும் பூட் மெனுவைத் திறந்து "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், பிறகு பயாஸ் என்கிற மதர்போர்டின் அமைப்புத் திரையில் அதையே முதலாவதாக வைத்துவிடலாம்.

கடைக்காரரையும் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். ஃபார்மட் செய்து விண்டோஸ் ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும், உட்கார்ந்து காரணம் தேட எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாது, வாங்குகிற கூலிக்கு அது கட்டுபடியும் ஆகாது. ஆனால் "எதுவும் கிடைக்காது" என்று சொன்னாரே, அது தப்பு.

கேள்வி: அண்ணே, மேலூரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தம் ஆரம்பிப்பதற்குள் சிஸ்டத்தை வேகமாக்கிவிடலாம் என்று நண்பரிடம் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு விண்டோஸ் 10 ஏற்றினேன் (ஆல்பம் சாஃப்ட்வேர் பழசு, 11-ல் ஓடாது). "இந்த டிஸ்கில் நிறுவ முடியாது, இது ஜிபிடி பார்ட்டிஷன் ஸ்டைல்" என்று ஆங்கிலத்தில் சொல்லி நின்றுவிடுகிறது. டிஸ்க்பார்ட்டில் "க்ளீன்" கொடு, சரியாகிவிடும் என்கிறார் நண்பர். கல்யாண வீடியோ எல்லாம் இருக்கும் 4 டிபி ஹார்ட் டிஸ்கும் அதே சிஸ்டத்தில்தான் மாட்டியிருக்கிறது.

பதில்: தம்பி, க்ளீனை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். "நிச்சயமாகவா?" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காத கட்டளை அது, என்டர் தட்டிய நொடியில் அந்த டிஸ்கின் பார்ட்டிஷன் அட்டவணையைத் துடைத்துவிடும். டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்று குழம்பி 4 டிபி மேல் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஊர்க் கல்யாணம் அத்தனைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்எஸ்டியில் கோளாறே இல்லை. நீங்கள் பென்டிரைவை எழுப்பிய விதத்தில்தான் இருக்கிறது. இப்போதுள்ள மதர்போர்டுகளில் இரண்டு வழி உண்டு, பழைய பயாஸ் வழி ஒன்று, யூஇஎஃப்ஐ வழி ஒன்று. டிஸ்கைப் பிரித்து அட்டவணை போடுவதிலும் இரண்டு முறை, பழையது எம்பிஆர், புதியது ஜிபிடி. பழைய வழியில் எழுந்த விண்டோஸ், எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்கில்தான் உட்காரும். யூஇஎஃப்ஐ வழியில் எழுந்தால் ஜிபிடி டிஸ்கில்தான் உட்காரும். உங்கள் எஸ்எஸ்டி ஜிபிடி, பென்டிரைவ் எழுந்தது பழைய வழியில், அதனால் தகராறு.

சிஸ்டத்தை அணைத்து, ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்11, எஃப்8 என்று உங்கள் போர்டுக்கு எந்தக் கீயோ அதைத் தட்டி பூட் மெனுவுக்கு வாருங்கள். உற்றுப் பார்த்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு வரியில் இருக்கும், ஒன்றில் வெறும் கம்பெனிப் பெயர், இன்னொன்றில் அதற்கு முன்னால் "யூஇஎஃப்ஐ" என்று போட்டிருக்கும். அவசரத்தில் எல்லாரும் மேலே இருப்பதைத் தட்டிவிடுகிறோம். யூஇஎஃப்ஐ போட்ட வரியைத் தேர்ந்தெடுத்தால் அந்த எரர் திரும்ப வராது. அப்படி ஒரு வரியே இல்லையென்றால் பென்டிரைவைத் திரும்பத் தயாரியுங்கள். பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் ஜிபிடி என்றும், அதை ஒட்டியுள்ள டார்கெட் சிஸ்டத்தில் யூஇஎஃப்ஐ என்றும் இருக்க வேண்டும்.

நிறுவும்போது 4 டிபியின் கேபிளைக் கழற்றி வையுங்கள், கரண்டை அணைத்துவிட்டுத்தான். தவறி அதை ஃபார்மட் செய்துவிடக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று பல பேருக்குத் தெரியாது: இரண்டு டிஸ்க் மாட்டியிருந்தால் விண்டோஸ் தன் கோப்புகளை நீங்கள் சொன்ன எஸ்எஸ்டியில் வைத்துவிட்டு, பூட் லோடரை மட்டும் மற்ற டிஸ்கில் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (யூஇஎஃப்ஐ வழியில் பூட் லோடர் தங்கும் குட்டி இடம்) வைத்துவிடுவது உண்டு. எல்லாம் நன்றாக ஓடும். ஒரு வருஷம் கழித்து அந்தப் பழைய டிஸ்கைக் கழற்றுவீர்கள், அன்றைக்கு "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வரும், எஸ்எஸ்டி போய்விட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கப் போவீர்கள்.

யாராவது அந்த 4 டிபியை எம்பிஆருக்கு மாற்றச் சொன்னாலும் கேட்காதீர்கள். வழக்கமான 512 பைட் செக்டார் கணக்கில் எம்பிஆரால் 2 டிபிக்கு மேல் எண்ண முடியாது, பாதி டிஸ்க் கண்ணுக்கே தெரியாமல் போகும். விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது ஞாபகம் இருக்கட்டும், அந்த சிஸ்டத்தில் ஆல்பம் வேலையோடு நிறுத்திக்கொண்டு பேங்க் சமாச்சாரத்தைப் போனில் பாருங்கள்.

சோழவந்தானிலிருந்து ஒருவருக்கு இதே பிரச்சினை தலைகீழாக வந்திருக்கிறது, டிஸ்க் எம்பிஆர், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ. உள்ளே இருக்கும் விண்டோஸ் 10-ஐ அழிக்காமல் 11-க்குப் போக வேண்டும் என்கிறார். 2017-ல் வந்த 1703 பதிப்பிலிருந்து விண்டோஸிலேயே "எம்பிஆர்2ஜிபிடி" என்று ஒரு கருவி இருக்கிறது. அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் "எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0 /அலவ்ஃபுல்ஓஎஸ்" என்று முதலில் சோதித்துப் பாருங்கள், சரி என்றால் வேலிடேட் இருந்த இடத்தில் "/கன்வர்ட்" போடுங்கள். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ எக்ஸ்டெண்டட் இருந்தாலோ ஒத்துக்கொள்ளாது. மாற்றி முடித்த கையோடு பயாஸில் யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்தால் பூட் ஆகாது, அப்புறம் எனக்குத்தான் கடிதம் வரும். முக்கியமான கோப்புகளுக்கு நகல் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி: உசிலம்பட்டியில் ஜெராக்ஸ் கடை. ராத்திரி மெயினை அணைத்துவிட்டுப் போனால் காலையில் "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று வருகிறது. பயாஸுக்குள் போய் எதையோ மாற்றினால் பகல் முழுக்க ஓடுகிறது. ராத்திரி அணைத்தால் மறுபடியும் அதே கதை. தேதி வேறு ஏதோ பழைய வருஷம் காட்டுகிறது. ஹார்ட் டிஸ்க் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். தேதி பழசாகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. மதர்போர்டில் வட்டமாக ஒரு பட்டன் செல் இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. கரண்ட் போனதும் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து கம்பெனி கொடுத்தபடி ஆகிவிடுகிறது, பூட் வரிசையும் பூட் முறையும் மாறிப்போகிறது. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எழுத்து மேலே பார்க்கிற மாதிரி போடுங்கள். பயாஸில் தேதி, பூட் வரிசை இரண்டையும் ஒரு தடவை சரிசெய்து சேவ் கொடுங்கள். செல் மாற்றிய பிறகும் பயாஸில் ஹார்ட் டிஸ்க் பெயரே தெரியவில்லை என்றால்தான் கேபிளையும் டிஸ்கையும் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் 11 இருக்கிறது, பக்கத்திலேயே லினக்ஸ் மிண்ட் போடலாம் என்று பார்த்தேன். எல்லாம் காப்பி ஆகி முடிகிற நேரத்தில் "க்ரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ ஃபெயில்டு, திஸ் இஸ் எ ஃபேட்டல் எரர்" என்கிறது. ஃபேட்டல் என்றால் லேப்டாப் போச்சா அண்ணா?
பொறியியல் மாணவர், திருப்பரங்குன்றம்

பதில்: போகவில்லை, பூட் லோடரை எழுத இடம் கிடைக்கவில்லை என்பதைத்தான் அப்படிப் பயமுறுத்திச் சொல்கிறது. விண்டோஸ் முன்பு போலவே பூட் ஆகும்.

உங்கள் எரரில் "எஸ்டிஏ" என்று இருப்பதைக் கவனியுங்கள். புது லேப்டாப்களில் எஸ்எஸ்டி என்விஎம்இ வகை, லினக்ஸில் அதன் பெயர் "என்விஎம்இ0என்1". அப்படியானால் எஸ்டிஏ என்பது யார்? நீங்கள் சொருகியிருக்கும் பென்டிரைவ்! பூட் லோடரை அதில் எழுதப் போய் முழித்திருக்கிறது. பார்ட்டிஷனை நீங்களே பிரிக்கிற "சம்திங் எல்ஸ்" திரையில் கீழே, பூட் லோடர் எங்கே என்று கேட்கும் பெட்டியில் என்விஎம்இயைத் தேர்ந்தெடுங்கள். அதே திரையில் 100 எம்பி, 260 எம்பி அளவில் ஃபேட்32 பார்ட்டிஷன் ஒன்று தெரியும். விண்டோஸ் தன் பூட் லோடரை வைத்திருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் அதுதான். லினக்ஸும் அதற்குள்ளேயே தனக்கென்று ஒரு ஃபோல்டர் போட்டுக்கொள்ளும், இரண்டும் சண்டை போடாது. "இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்" என்று குறியுங்கள், ஆனால் ஃபார்மட் கட்டத்தில் டிக் இருக்கவே கூடாது. டிக் போட்டால் விண்டோஸின் பூட் லோடரும் சேர்ந்து போய்விடும்.

அதற்கு முன் பென்டிரைவ் எந்த வழியில் எழுந்தது என்று பார்த்துவிடுங்கள். டெர்மினலில் "எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ" என்று தட்டினால் உள்ளே இருப்பதைக் காட்ட வேண்டும். அப்படி ஒன்று இல்லை என்று சொன்னால் பழைய வழியில் எழுந்திருக்கிறது, மேலூர் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி: வீட்டில் கிடந்த பழைய உபுண்டு பென்டிரைவைப் போட்டேன். "வெரிஃபையிங் ஷிம் எஸ்பிஏடி டேட்டா ஃபெயில்டு" என்று வந்து அணைந்துவிட்டது. பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துப் பார்த்தேன். இப்போது விண்டோஸும் வரவில்லை, நீலத் திரையில் பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கிறது. நான் பிட்லாக்கர் போட்டதே இல்லை.
செல்லூர் வாசகர்

பதில்: நீங்கள் போடாவிட்டாலும் பல புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததுமே டிஸ்கைப் பூட்டி வைக்கும் இந்த பிட்லாக்கரை விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும். செக்யூர் பூட் (நம்பகமான பூட் லோடரை மட்டும் ஓடவிடும் காவல்) மாறியதும், வேறு யாரோ கைவைக்கிறார்கள் என்று பிட்லாக்கருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுபடியும் பயாஸ் போய் செக்யூர் பூட்டை ஆன் செய்துவிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடும். விடவில்லையென்றால் 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், போனிலிருந்தே உள்ளே போய் எடுக்கலாம். லேப்டாப்பை வாங்கிய அன்று கடைக்காரர் தன் மெயில் முகவரியில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அங்கேதான் போயிருக்கும், அவரைத்தான் பிடிக்க வேண்டும். (இதற்காகவே சொல்கிறேன், முதல் நாள் கணக்கை நீங்களே தொடங்குங்கள்.)

அந்த ஷிம் (செக்யூர் பூட் ஆனில் இருக்கும்போது லினக்ஸை எழுப்பும் முதல் நிரல்) சமாச்சாரம், 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட்டின் விளைவு. பழைய, ஓட்டையுள்ள லினக்ஸ் பூட் லோடர்களைச் செக்யூர் பூட் தடுக்கும்படி அது செய்தது, அதில் விண்டோஸோடு லினக்ஸையும் வைத்திருந்த பலரும் மாட்டிக்கொண்டார்கள். உங்களுக்குத் தீர்வு சுலபம், பென்டிரைவில் இருக்கும் பழைய ஐஎஸ்ஓவை (நிறுவும் கோப்பு) அழித்துவிட்டு இப்போதைய உபுண்டுவை இறக்கிப் போடுங்கள். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டிய அவசியமே வராது.

கேள்வி: புது லேப்டாப்பில் விண்டோஸைத் திரும்ப ஏற்றப் போனால் டிஸ்க் எதுவுமே இல்லை என்கிறது. பயாஸில் எஸ்எஸ்டி பெயர் தெரிகிறது. — ஆசிரியர், வாடிப்பட்டி

பதில்: இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமாக இருந்தால் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்கிற அமைப்பு ஆனில் இருக்கும், அதற்கான டிரைவர் விண்டோஸ் பென்டிரைவில் இல்லாததால் டிஸ்க் தெரிவதில்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் போட்டு "லோட் டிரைவர்" கொடுங்கள் சார். பயாஸில் விஎம்டியை அணைத்தாலும் டிஸ்க் தெரியும், ஆனால் உள்ளே ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் அதன் பிறகு பூட் ஆகாமல் நீலத் திரை காட்டக்கூடும். மொத்தமாகத் துடைத்துப் போடப்போகிறீர்கள் என்றால் மட்டும் அந்த வழி.

கேள்வி: உபுண்டுவும் விண்டோஸும் சேர்த்துப் போட்டாகிவிட்டது, இரண்டும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் உபுண்டு போய்விட்டு விண்டோஸ் வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகிறது. இதற்கும் செல் மாற்ற வேண்டுமா? — அனுப்பானடி வாசகர்

பதில்: செல் நன்றாக இருக்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதை நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, நமக்கும் அதற்கும் வித்தியாசம் ஐந்தரை மணி. உபுண்டு டெர்மினலில் "டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1" என்று ஒரு முறை தட்டி, பிறகு விண்டோஸில் நேரத்தை ஒரு தடவை சரிசெய்துவிடுங்கள். தட்டியதும் உபுண்டு ஒரு எச்சரிக்கை காட்டலாம், இந்தியாவில் கோடை நேரம் என்று கடிகாரத்தை மாற்றுகிற வழக்கம் இல்லாததால் நமக்கு அது பிரச்சினை இல்லை.